பிளேன்ல இருந்து நெட்டு வருமாம்

சென்னையில் வேலை பார்க்கிற என் தங்கச்சி மகன் போன வாரம் ஒரு வீடியோ அனுப்பினான். வானத்துல போற விமானம் ஒவ்வொண்ணுலயும் ஒரு பெட்டியை மாட்டி, ஒண்ணுக்கொண்ணு சிக்னலைக் கைமாத்தி, கிராமத்துக்கெல்லாம் இன்டர்நெட் தரப் போறாங்களாம். "ரெண்டு லட்சம் போடலாம்னு இருக்கேன் மாமா, கிராமத்துக்கும் நல்லதுதானே" என்கிறான்.

எங்க பேரைச் சொல்லி டவுன்காரங்ககிட்ட காசு வாங்குறாங்களே, எனக்கு எரிச்சலே அங்கதான்.

வைக்கோல் போர் தீப்பிடிச்சா கிணத்துலேர்ந்து வரிசையா நின்னு குடத்தைக் கைமாத்துவோம். நடுவுல நாலு பேர் அவங்கவங்க சோலியைப் பாக்கப் போயிட்டா தண்ணி வந்து சேருமா? விமானம் ஓடுறது பயணிகளுக்காக, சிக்னலுக்காக இல்ல. 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிற ரெண்டு விமானத்துக்கு நடுவில் 700 கிலோமீட்டர் இருந்தாலும் பூமி மறைக்காது என்பது உண்மைதான். ஆனா அவ்வளவு தூரத்துக்கு வேகமா டேட்டா போகணும்னா, டார்ச் வெளிச்சம் மாதிரி சிக்னலைக் குறுக்கி, ஓடுற விமானத்து மேல விடாம அடிக்கணும். நடுராத்திரி நம்ம தலைக்கு மேல எத்தனை விமானம் போகுது? பெட்டி மாட்ட விமானக் கம்பெனி சம்மதிக்கணும், பாதுகாப்புச் சான்று வாங்கணும். இத்தனைக்கும் பிறகு அந்தச் சிக்னல் எங்கயாவது தரைக்கு இறங்கி கேபிளோடதான் சேரணும்.

இது புதுசும் இல்ல. கலிஃபோர்னியாவில் ஏர்போர்ன் வயர்லெஸ் நெட்வொர்க் என்று ஒரு கம்பெனி இதையேதான் சொல்லிப் பங்கு வித்தது. 2017-ல் ரெண்டு போயிங் 767-ஐப் பறக்க விட்டு சோதனையும் காட்டினாங்க. 2021-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் அது மேல மோசடி வழக்குப் போட்டது.

சரி, அது சின்னக் கம்பெனி. ஃபேஸ்புக்குக்குப் பணத்துக்கா பஞ்சம்? போயிங் 737-ஐ விட நீளமான இறக்கை வச்சு, வெயில்ல ஓடுற 'அக்விலா' விமானம் செஞ்சாங்க. 2016-ல் முதல் தடவை இறங்கும்போதே இறக்கை உடைஞ்சது. 2018-ல் சொந்தமா விமானம் செய்யுறதையே விட்டுட்டாங்க. கூகுள் ஆளுங்க பலூன் விட்டாங்க, பேரு 'லூன்'. 2017-ல் புயலடிச்சு டவரெல்லாம் சாஞ்ச போர்ட்டோ ரிக்கோவில் அது நிஜமாவே உதவியா இருந்தது, அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். அவசரத்துக்குச் சரி. ஆனா 2020-ல் கென்யாவில் கடை விரிச்சவங்க, செலவு கட்டுப்படி ஆகலன்னு 2021-லேயே மூடிட்டாங்க. அதாவது, காத்து காலத்துல மட்டும் வேலை செய்யுற மோட்டாரை நம்பி யாராவது கரும்பு போடுவானா?

மருமகன்கிட்ட ரெண்டே கேள்விதான் கேட்டேன். எந்த விமானக் கம்பெனி இதுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கு? கிராமத்துல மாசம் எரநூறு ரூபா கட்டுறவனை வச்சு அந்தப் பெட்டிக்கான செலவு எப்பத் திரும்பும்? "பாத்துச் சொல்றேன் மாமா"ன்னான். நாலு நாளாச்சு.

இதுக்கு நடுவுல, எங்க ஊருக்கு இன்டர்நெட் கேபிள் போட வெட்டி மூடாம விட்ட குழியில நேத்து எங்க கன்னுக்குட்டி விழுந்துடுச்சு. மூணு பேர் சேர்ந்து தூக்கினோம். அடி ஒண்ணும் இல்ல.