குளம் வெட்டும் முன்னாடி ஒரு சின்னக் குழி

பூங்கா வருதுன்னு சொன்னா யாராவது வேண்டாம்னு சொல்வோமா? கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை அரசு 2024 செப்டம்பரில் திரும்ப எடுத்து, அதில் 118 ஏக்கரைப் பசுமைப் பூங்காவுக்காகத் தோட்டக்கலைத் துறைக்குக் கொடுத்தது. மால் இல்லை, ஐடி பார்க் இல்லை, மரமும் தண்ணீரும். நானும் பூங்கா பக்கம்தான். ஆனா இப்படி ஒரு நிலத்தில் ஜேசிபி இறங்கும் முன்னாடி, கீழே என்ன புதைஞ்சிருக்குன்னு தேடிப் பார்ப்பதை நாம் ஒரு வழக்கமாக்க வேண்டாமா?

"கிண்டியில என்ன இருக்கப் போகுது?" என்று கேட்கலாம். கிண்டியிலிருந்து மின்சார ரயிலில் ஐந்தாவது ஸ்டேஷன் பல்லாவரம். அங்கே ஒரு சரளைக் குழியில்தான் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற புவியியலாளர் ஒரு பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் கற்கால ஆய்வே அங்கிருந்துதான் தொடங்குது. சென்னைக்கு வடமேற்கே உள்ள அதிரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வருஷம் வயசு. இப்படிப்பட்ட ஊரில் ரொம்ப காலமா கட்டடம் ஏறாமல் திறந்தவெளியாகவே கிடந்த நிலம் எவ்வளவு அரிது, யோசிச்சுப் பாருங்க.

பூங்கான்னா மண்ணுக்கு ஆபத்தில்லைன்னு நாம நினைக்கிறோம். சிவில் படிக்கிறவங்களுக்கு உண்மை தெரியும். குளம், மழைநீர் வடிகால், கேபிள் பள்ளம், மரக்குழி, நடைபாதைக்கான லெவலிங் எல்லாமே தோண்டுற வேலைதான். வளர்ந்த பிறகு வேர் வேற இறங்கும். முதுமக்கள் தாழியும் பானை ஓடும் பல இடங்களில் ஓரிரு அடி ஆழத்திலேயே இருக்கும். ஒரு தாழி எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் இருந்ததுன்னு தெரிஞ்சாதான் அது வரலாறு. பக்கெட்டில் அள்ளிக் கொட்டின பிறகு அது வெறும் உடைஞ்ச பானை. மரத்தைத் திரும்ப நடலாம், மண் அடுக்கைத் திரும்ப அடுக்க முடியாது.

சட்டம் இருக்கேன்னு கேட்டா, இருக்கு. தொல்லியல் சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டு சட்டமும் அதன் 2010 திருத்தமும் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடம் கூடாது என்கின்றன. ஆனா அது ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட சின்னத்துக்கு. இன்னும் கண்டே பிடிக்காத ஒன்றைச் சுற்றி யார் எங்கே கோடு போடுவது? 1878இன் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்கணும். அதுவும் கிடைத்த பிறகுதான். தோண்டும் முன் தேடச் சொல்வது இரண்டுமே இல்லை.

தேடினால் கிடைக்கும் என்பதற்குக் கீழடியே சாட்சி. அகழாய்வுக்கு முன்னாடி வைகைக் கரையோரமா ஊர் ஊரா நடந்து கள ஆய்வு செய்தாங்க. 293 இடங்கள் தெரிய வந்தன. அதில் ஒன்றுதான் அந்தத் தென்னந்தோப்பு.

வெள்ளத்தில் வேளச்சேரி தத்தளிக்கும்போது குளத்தைத் தள்ளிப்போட முடியுமா என்பது நியாயமான கேள்வி. தள்ளிப்போட வேண்டாம். டிசைன் வேலை நடக்கும் மாதங்களிலேயே இதை முடிக்கலாம். முதலில் பழைய வரைபடம், பிறகு கள நடை, பிறகு மின்தடை சர்வே. ஈரக் களிமண்ணில் தரை ஊடுருவும் ரேடாரின் சிக்னல் சீக்கிரம் செத்துவிடும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. கடைசியாக, குளம் வரும் இடங்களில் மட்டும் சில சோதனைக் குழிகள். எதுவும் கிடைக்கலைன்னா அதுவும் ஒரு பதில்தான். சாயில் டெஸ்ட் இல்லாமல் நாம ஃபவுண்டேஷன் போடுறதில்லையே! மண் எவ்வளவு எடை தாங்கும்னு கேட்கிற நாம, அது எதைச் சுமந்துக்கிட்டு இருக்குன்னும் கேட்கலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று டெண்டரில் இருக்கு. பானை தட்டுப்பட்டால் கான்ட்ராக்டர் ஏன் சொல்லணும்? சொன்னா வேலை நிற்கும், தாமதத்துக்கு அபராதம் அவர் தலையில். மூடிட்டுப் போறதுதான் அவருக்கு லாபம். அதனால் 'கண்டால் நிறுத்து' என்று ஒரு விதி போட்டால் மட்டும் போதாது. நின்ற நாட்களுக்குக் காலநீட்டிப்பும் செலவும் தரப்படும்னு அதே விதியில் எழுதணும். பிரிட்டனில் 1990 முதலே, தோண்டும் முன் ஆய்வு செய்யும் செலவு பெரும்பாலும் திட்டச் செலவிலேயே சேர்ந்துவிடுகிறது. நம்மாலும் முடியும்.

இன்னும் சில வருஷத்தில் இந்த டெண்டர்களை எழுதப்போறதும், சைட்டில் நின்னு ஜேசிபிக்குக் கை காட்டப்போறதும் நாமதான். கிண்டியில் ஏற்கெனவே வெட்டின குளத்தை விடுங்க, மீதி நிலம் இருக்கு. அடுத்த ஊரில் அடுத்த பூங்காவும் வரும். அங்கே முதல் பக்கெட் மண்ணில் இறங்கும் முன்னாடி, "இங்கே தேடியாச்சா?" என்று கேட்கிற இன்ஜினியராக நீங்க இருங்க.