அகலமான ரயரும் அஞ்சாறு மில்லிமீற்றரும்

போன ஐப்பசியில எங்கட குசினியில வேலை செய்யிற பெடியன் ஒருத்தன் காறை எலும்பை முறிச்சுக்கொண்டு வந்து நிண்டான். "மலையில சைக்கிள் ஓடப்போனால் உப்பிடித்தான்" எண்டு மற்றாக்கள் சிரிச்சினம். நான் சிரிக்கேல்லை. அந்த ரயரைப் பூட்டிக் குடுத்தது நான்.

பெர்னில மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு இரவுச் சாப்பாடு தொடங்க இடையில எங்களுக்கு ரெண்டரை மணித்தியாலம் கிடைக்கும். 'சிம்மர்ஸ்ருண்டே' எண்டு அதுக்குப் பேர். மற்றாக்கள் போய்ப் படுப்பினம், நாங்கள் ரெண்டுபேரும் குர்ட்டன் மலைக்குப் போவம். அவன்ரை பாவிச்ச 29 அங்குல மவுண்டன் பைக். அதில இருந்தது 2.1 ரயர். "அண்ணை, இப்ப எல்லாரும் 2.4 தான் போடுகினம், போட்டுத் தாங்கோ" எண்டான். பேராதனையில பொறியியலை இடையில விட்டுட்டு வந்தவன் நான். ஆரும் இப்பிடிக் கேட்டால் கை சும்மா இராது. றிம்மை அடிமட்டத்தால அளந்தன், 25 மில்லிமீற்றர். போதும் எண்டு நினைச்சு, ரேப் ஒட்டி, ரியூப் இல்லாமல் பால் ஊத்தி, காத்தையும் நல்லாக் குறைச்சு விட்டன். ஒரு வளைவில ரயர் பக்கமாச் சரிஞ்சு, விளிம்பு றிம்மை விட்டு எழும்பி, காத்து ஒரே மூச்சில போட்டுது.

நான் அளந்தது வெளி அகலம். கணக்கில எடுக்க வேண்டியது ரெண்டு உதட்டுக்கும் இடையில இருக்கிற உள் அகலம். பிறகு அளந்து பாத்தால் வெறும் 19.

ரயரின்ரை பக்கத்தில 62-622 எண்டு ஒரு இலக்கம் இருக்கும். ரெண்டாவது, ரயர் றிம்மில இருக்கிற இடத்தின்ரை விட்டம். அதை எல்லாரும் பாப்பினம், பிழைச்சால் ரயர் ஏறாது. ஊரில அப்பாவின்ரை றலி 28 அங்குலம், 635. இங்கத்தைய 28 அங்குலம் 622. பேர் ஒண்டு, அளவு வேறை. முதலாவது இலக்கம் அகலம். அதை ஆரும் றிம்மோட ஒப்பிட்டுப் பாக்கிறேல்லை. 90களில பொருளாதாரத் தடைக்குள்ள வெடிச்ச ரயரைத் தைச்சு, உள்ளுக்குப் பழைய ரயர்த் துண்டு வைச்சு ஓடின ஊர் எங்கட. ஏறினால் காணும் எண்ட பழக்கம் இன்னும் என்னை விட்டுப் போகேல்லை.

62 மில்லிமீற்றர் ரயரை 19 றிம்மில போட்டால் அடி ஒடுங்கி மேல பெருத்து மின்குமிழ் மாதிரி நிக்கும். காத்து இறுக்கமா இருந்தால் சமாளிக்கும். ஆனால் நாங்கள் அகல ரயர் போடுறதே காத்தைக் குறைச்சு, வேர்களிலயும் கல்லுகளிலயும் பிடிச்சு ஓடத்தான். ஈ.ரி.ஆர்.ரி.ஓ.வின்ரை பழைய அட்டவணை 19 றிம்முக்கு 62 வரைக்கும் விட்டதுதான். அட்டவணை பொருந்துமோ எண்டு சொல்லும், குறைஞ்ச காத்தில வளைவில நிக்குமோ எண்டு சொல்லாது. மறுபக்கம், 35 றிம்மில 2.1 போட்டால் ரயர் சப்பையாகும், பக்கச்சுவர் வெளியில தெரிஞ்சு கல்லு வெட்டும், றிம்மும் அடிவாங்கும்.

என்ரை கணக்கு இது: உள் அகலம் 19, 20 எண்டால் 2.1 அல்லது 2.25, காத்தைக் கொஞ்சம் கூட விடுங்கோ. 25 எண்டால் 2.25 இலயிருந்து 2.4. 30 எண்டால் 2.4 இலயிருந்து 2.6.

எனக்குக் கோவம் வாற இடம் ஒண்டிருக்கு. ரயர் வாங்கேக்கை "உன்ரை றிம் என்ன அகலம்?" எண்டு கடையில ஒருத்தரும் கேக்கேல்லை. பாவிச்ச சைக்கிள் விக்கிறவை கியர், பிறேக் எல்லாம் எழுதுவினம், இந்த ஒரு இலக்கத்தை எழுதாயினம். பிறகு விழுந்தாப்போல "சில்லை மாத்து" எண்டு புதுச் சில்லின்ரை விலை சொல்லுவினம். அது தேவையில்லை. பழைய றிம்மில ஒரு குறையும் இல்லை, அதுக்கேத்த ரயரைப் போட்டால் சரி. குசினிச் சம்பளக்காரனுக்கு இது பெரிய வித்தியாசம்.

அவன் ஆறு கிழமை சட்டி தூக்கேல்லை. விபத்துக் காப்புறுதி சம்பளத்தில 80 வீதம் குடுத்தது. மிச்சத்தை நான் குடுக்கப் போக, "விசரே அண்ணை" எண்டு வாங்க மறுத்திட்டான். இப்ப அவன் ஓடுறது 2.2. றிம்மை அளந்தது அவன்தான், என்னைக் கிட்ட விடேல்லை.