யாரைக் கேட்டார்கள், எந்த மொழியில் கேட்டார்கள்?

மலேசியாவில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாக 2015-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு கூறியது. அதே ஆய்வு 2019-இல் மீண்டும் மனநலத்தை அளந்தபோது, பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருப்பதாகச் சொன்னது. நான்கே ஆண்டுகளில் நாடு குணமாகிவிட்டதா?

பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றில் நான் உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த இரண்டு எண்களையும் நண்பர்களிடம் காட்டினால், "ஏதோ ஒன்று பொய்" என்பார்கள். இரண்டும் பொய்யில்லை. அளந்த கருவிதான் வேறு. 2015-இல் பயன்பட்டது 12 கேள்விகள் கொண்ட ஒரு பொது வினாப்பட்டியல். கவலையால் தூக்கம் கெடுகிறதா, கவனம் சிதறுகிறதா என்று பலவகை மன உளைச்சலையும் அது பிடிக்கும். 2019-இல் பயன்பட்டது பி.எச்.கியூ-9. கடந்த இரண்டு வாரங்களில் மனச்சோர்வின் அறிகுறிகள் எத்தனை நாள் இருந்தன என்று அதன் ஒன்பது கேள்விகள் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. மொத்தம் 27. பொதுவாக 10-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும் என்று பொருள். முதலாவது அகலமான வலை, இரண்டாவது ஒரே வகை மீனுக்கான தூண்டில். இரண்டிலும் சிக்கிய மீன்களை எண்ணி ஒப்பிட முடியாது.

ஆய்வுமுறையின் முதல் பாடம் இதுதான்: எண்ணைப் பார்க்கும் முன் எதைக் கொண்டு அளந்தார்கள் என்று பாருங்கள்.

2023-இல் மனச்சோர்வு 4.6 விழுக்காடு என்று அதே தேசிய ஆய்வு அறிவித்தது. இதை 2019-இன் 2.3 விழுக்காட்டோடு ஒப்பிடலாம். இரண்டுமே மனச்சோர்வைப் பற்றியவை. எண்ணிக்கை இரட்டிப்பாகியிருக்கிறது, கவலைப்பட வேண்டிய செய்திதான். "இடையில் கோவிட் வந்ததே, அதுதான் காரணம்" என்று உடனே சொல்லத் தோன்றும். அப்படி இருக்கலாம். ஆனால் முன்னும் பின்னும் எடுத்த இரண்டு அளவீடுகள் மட்டும் காரணத்தை நிறுவிவிடாது. விலைவாசி, வேலை, சமூக ஊடகம், மனநோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் துணிவு என்று அந்த நான்கு ஆண்டுகளில் பலவும் மாறின. ஒன்றன்பின் ஒன்று நடப்பது வேறு, ஒன்றால் மற்றொன்று நடப்பது வேறு. இது இரண்டாவது பாடம்.

மூன்றாவது பாடம்தான் நமக்கு மிக நெருக்கமானது. அதைச் சொல்ல என் ஊரான ஜார்ஜ்டவுனின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை விட நல்ல பாடநூல் எனக்குக் கிடைக்கவில்லை. "ஜார்ஜ்டவுன் மக்கள் நன்றாகத் தூங்குகிறார்களா?" என்பது உங்கள் ஆய்வுக் கேள்வி என்று வைத்துக்கொள்வோம். வினாத்தாளோடு இந்தச் சாலைக்கு வருகிறீர்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில், 1801-இல் கட்டப்பட்ட பள்ளிவாசல் முன் நின்றால், தொழுகைக்கு வரும் ஆண்களே பெரும்பாலும் பதில் சொல்வார்கள். காலையில் குவான் யின் கோயில் வாசலில் நின்றால், ஊதுவத்தி ஏற்ற வந்த சீன மூதாட்டிகள். 1818-இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் பக்கம் போனால் சுற்றுப்பயணிகள். குவீன் தெருவில் 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயிலுக்குத் திரும்பினால் தமிழ்க் குடும்பங்கள். இரவில் பள்ளிவாசலை ஒட்டிய நாசி கண்டார் கடை வரிசையில் நின்று கேட்டாலோ, விழித்திருப்பவர்களிடம் மட்டுமே தூக்கத்தைப் பற்றிக் கேட்டவர் ஆவீர்கள்!

எல்லாம் சில நிமிட நடைத் தொலைவுதான். நின்ற இடமும் நேரமும் மாறினால் முடிவு மாறும். தேசிய ஆய்வு நாடெங்கும் வீடுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்பது இதனால்தான். நம் இறுதியாண்டு ஆய்வேடுகளில் பெரும்பாலும் நடப்பது வேறு. ஒரு கூகிள் படிவம், ஐந்து புலனக் குழுக்கள், "தயவுசெய்து நிரப்புங்கள், இரண்டு நிமிடம்தான்." நிரப்புபவர்கள் நம்மைப் போன்ற மாணவர்களே. தலைப்பில் மட்டும் "மலேசிய இளைஞர்கள்" என்று போட்டுக்கொள்கிறோம்.

இந்தக் குறை மாணவர்களோடு முடிவதில்லை. 2010-இல் ஜோசப் ஹென்ரிக், ஸ்டீவன் ஹைன், அரா நோரென்சயான் ஆகிய மூவர் வெளியிட்ட கட்டுரை உளவியல் உலகையே உலுக்கியது. முன்னணி உளவியல் இதழ்களின் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 விழுக்காட்டினர் மேற்கத்தியத் தொழில்மய நாடுகளைச் சேர்ந்தவர்கள்; அந்நாடுகளில் வாழ்வதோ உலக மக்களில் 12 விழுக்காட்டினர் என்று அது சுட்டிக்காட்டியது. "மனித மனம் இப்படித்தான்" என்று நாம் மனப்பாடம் செய்யும் பலவற்றுக்கும் ஆதாரம் அந்தச் சிறு கூட்டம்தான். நம் பாட்டி அதில் இல்லை.

பாட்டியைச் சேர்க்க வேண்டுமானால் மொழி குறுக்கே வரும். ஆய்வுப் படிவங்கள் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கின்றன. தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா அவற்றைப் பார்த்ததும், "எனக்கு வேண்டாம்பா" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். கணக்கில் அவர் நோயாளியும் இல்லை, நலமானவரும் இல்லை. ஆளே இல்லை.

மொழிபெயர்த்தால் போதுமா? "மன அழுத்தம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வு நேரப் பதற்றத்துக்கும் அதைச் சொல்கிறோம், மருத்துவம் தேவைப்படும் மனச்சோர்வுக்கும் அதையே சிலர் எழுதுகிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்களோ இரண்டையும் சொல்வதில்லை. "நெஞ்சு பாரமா இருக்கு", "மனசே சரியில்ல" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு அறிந்தவர் எழுதினால்தான் கேள்வி அவர்களைப் போய்ச் சேரும். இதற்கு முறை உண்டு. ஒருவர் தமிழாக்க வேண்டும்; மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப மூலமொழிக்குக் கொண்டு போக வேண்டும். இரண்டும் பொருந்தாத இடத்தைத் திருத்தி, சிலரிடம் கேட்டுப் பார்த்த பிறகே களத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

படிவத்தில் "இனம்" என்றொரு கட்டம் இருக்கும். பள்ளிவாசல் சாலையில் கடை நடத்தும் தமிழ் முஸ்லிம் ஒருவர் அதில் எதைக் குறிப்பார்? ஒருவர் "இந்தியர்" என்பார், அவர் உறவினரே "மலாய்க்காரர்" என்று குறிக்கக்கூடும். "இந்தியர்" என்ற ஒற்றைக் கட்டத்துக்குள் தமிழர், தெலுங்கர், மலையாளி, சீக்கியர் எல்லோரும் அடங்கிவிடுகிறார்கள். "இந்திய இளைஞர்கள் இப்படி" என்று ஒரு முடிவைப் படிக்கும்போது, எந்த இந்தியர்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இவை வெறும் தேர்வுக்கான குறிப்புகள் இல்லை. பள்ளியில் எத்தனை ஆலோசகர்கள் வேண்டும், எந்த மருத்துவமனையில் தமிழ் பேசுபவர் வேண்டும் என்பதெல்லாம் இத்தகைய எண்களை வைத்துத்தான் வாதிடப்படுகின்றன. எண்ணில் இல்லாதவருக்காக யார் வாதாடுவார்?

ஆகவே, ஆய்வேடு எழுதப்போகும் அண்ணன் அக்காமார்களுக்கு ஒரு வேண்டுகோள்: படிவத்தின் தமிழ் வடிவம் ஒன்றைத் தயார் செய்யுங்கள். திறன்பேசி இல்லாத பத்துப் பேரையாவது நேரில் போய்ப் பாருங்கள். அவர்களின் சம்மதத்தை அவர்களுக்குப் புரியும் மொழியில் கேளுங்கள். இடைநிலைப்பள்ளித் தம்பி தங்கைகளே, "ஆய்வு சொல்கிறது" என்று யாராவது சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எதைக் கொண்டு அளந்தார்கள்? யாரைக் கேட்டார்கள்? எந்த மொழியில் கேட்டார்கள்? தமிழ்ப்பள்ளியில் படித்து, மலாயில் தேர்வெழுதி, ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கும் நமக்கு மூன்று மொழியும் கைவசம் இருக்கிறது. இந்த வேலைக்கு நம்மைவிடப் பொருத்தமானவர்கள் யார்?