ஆற்றங்கரையிலிருந்து சதுப்புக்கு

சென்னையில் கூவம், அடையாறு கரைகளில் வாழ்பவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினால் ஆறும் பிழைக்கும், அவர்களுக்கும் நல்ல வீடு கிடைக்கும் என்கிறார்கள். வரைபடத்தைப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள். 2015 மழையில் அங்கும் வெள்ளம் சூழ்ந்தது. அந்தச் சதுப்பைத் தின்றவை குடிசைகள் அல்ல, பெருங்குடிக் குப்பைமேடும் சாலைகளும் பெரிய வளாகங்களும். 2022-இல் ராம்சர் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் ஏறியது எஞ்சிய பகுதி மட்டுமே. வெள்ள அபாயம் என்று சொல்லி வெளியேற்றப்பட்டவர்களை, வெள்ளம் தேங்கும் இடத்தில் எட்டடுக்கு கட்டி அடைப்பது எந்த வகைச் சூழல் காப்பு?

அப்படியானால் கரையிலேயே கிடக்கட்டுமா என்பார்கள். கூடாது, ஆனால் மாற்று வீடு ஊருக்கு வெளியேதான் என்பது விதியல்ல. 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் ஆரம்ப ஆண்டுகளில் மக்கள் வாழ்ந்த இடத்திலேயே அடுக்குக் குடியிருப்புகளைக் கட்டியது. கண்ணகி நகர் போன்ற பெருங்குடியேற்றங்கள் 2000-ஐ ஒட்டித்தான் வந்தன. வேலைக்குப் போகும் தொலைவைச் சொன்னால், பெண்களுக்குப் பேருந்துக் கட்டணம் இல்லையே என்பது அடுத்த பதில். 2021 முதல் கிடைக்கும் அந்தச் சலுகை பெரிய உதவிதான், மறுக்கவில்லை. கட்டணம் மிஞ்சும், நேரம் மிஞ்சாது. மயிலாப்பூரில் காலை ஆறு மணிக்குப் பாத்திரம் தேய்க்க வேண்டியவர் பெரும்பாக்கத்திலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவார்?