மரண ரயிலும் மார்க்கு வேட்டையும்

நம் பிள்ளைகள் நாவல் படிக்கும் முறையைக் குறித்துச் சில கடுமையான வார்த்தைகள் சொல்லவேண்டிய காலம் வந்துவிட்டது. அவர்கள் நாவல் படிக்கிறார்கள் என்பதே மரியாதைக்குச் சொல்லும் பொய். அவர்கள் படிப்பது கதைச்சுருக்கம். கருப்பொருள் இன்னது, துணைக் கருப்பொருள் இன்னது, கதைத்தலைவனின் பண்புகள் நான்கு, படிப்பினைகள் மூன்று என்று குறிப்புநூல் வகுத்துக் கொடுத்ததை உருப்போட்டுப் பரீட்சை மண்டபத்தில் இறக்கி வைத்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். காதல் கதைக்கு இக்கதி நேர்ந்தால் நஷ்டம் இலக்கியத்தோடு போகும். யுத்த நாவலுக்கு நேர்ந்தால், நஷ்டம் செத்துப்போனவர்களையும் சேரும். ஆகவேதான் இதைச் சிறு விஷயமென்று விட்டுவிட நமக்கு மனம் வரவில்லை.

எந்த யுத்தத்தைச் சொல்லுகிறோம் என்பது தோட்டத்துத் தமிழர்க்கு விளங்கும். 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூரும், பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தன. தோட்டத்துத் துரைமார் கூலிகளை விட்டுவிட்டு ஓடினர். சயாமின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரையில் 415 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப் பாதை 1942ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கப்பெற்று 1943 அக்டோபரில் முடிந்தது. அதற்கு உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். ஆசியத் தொழிலாளரோ அவர்களைப்போல் பன்மடங்கினர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கு மேற்பட்டவர் கொண்டுபோகப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பால்மரம் சீவிய தமிழர்.

அவர்கள் எப்படிச் செத்தார்கள்? தலைவிதியால் செத்தார்கள் என்று சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே இன்றும் உண்டு. தலைவிதி அன்று! வாந்திபேதியால் செத்தார்கள்; மலேரியாவாலும் சீதபேதியாலும் ஆறாத புண்ணாலும் பட்டினியாலும் செத்தார்கள். போர்க்கைதிகளுள் மருத்துவர் இருந்தனர். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கழிவிடத்தைத் தள்ளி வை என்று கட்டளையிட அதிகாரிகளும் இருந்தனர். அப்படியிருந்தும் அவர்களில் 12,000 பேருக்குமேல் மாண்டனர். நம்மவர்க்கு மருத்துவருமில்லை, கட்டளையிடுவாருமில்லை. ஆகவே விழுக்காட்டிலும் தொகையிலும் நம் சாவே மிகுந்தது. கிருமிக்கும் காய்ச்சாத நீருக்கும் கேட்பாரற்ற அடிமைத்தனத்துக்கும் ‘விதி’ என்று பெயர் வைப்பது, கொன்றவனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பதேயாகும்.

காஞ்சனபுரியின் யுத்தக் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் உள்ளன. அவை அந்நாளைய போர்க்கைதிகளுடையவை. செத்த தமிழருக்கோ தனித்தனிக் கல்லறையில்லை. பெயர்ப் பட்டியலும் முழுமையாக இல்லை. பியேர் பூல் என்னும் பிரெஞ்சுக்காரர் 1952இல் குவாய் நதிப் பாலத்தைப் பற்றி ஒரு நாவல் வெளியிட்டார். யுத்தத்திற்கு முன் அவர் மலாயாவின் ரப்பர்த் தோட்டத்திலேயே வேலை பார்த்தவர். தமிழர் முகம் அவருக்குப் புதிதன்று. ஆயினும் அவர் கதையின் மையம் வெள்ளை அதிகாரியின் வீம்பே. 1957இல் டேவிட் லீன் அதனைத் திரைப்படமாக்கினார். தோட்டத் தமிழர் இலட்சக்கணக்கில் வாழ்ந்த இலங்கையில் படம் பிடித்தார்கள். பாதையிட்டுச் செத்த தமிழரை மறந்தார்கள்! உலகம் அந்தச் சீட்டியொலியைக் கேட்டுக் கைதட்டிற்று.

வெள்ளையனை மட்டும் ஏசிப் பயனில்லை. அவன் துன்பம் உலகறிந்ததற்குக் காரணம், அவன் எழுதிவைத்தான் என்பதே. எட்வர்ட் டன்லப் என்னும் ஆஸ்திரேலிய மருத்துவர், காவலருக்குத் தெரியாமல் அம்முகாம்களிலேயே நாட்குறிப்பு எழுதினார். அது 1986இல் நூலாயிற்று. அவரைப்போல் வேறு கைதிகளும் எழுதினர். சிலர் படம் வரைந்து ஒளித்தனர். நம்மவரில் எழுதத் தெரிந்தவர் எத்தனை பேர்? கணக்குப் புத்தகத்தில் பெருவிரல் மை பதித்தவர்களிடம் நாட்குறிப்பு எங்கே கிடைக்கும்?

ஆகவே நமக்கு நாவலே தாமதமாக வந்த நாட்குறிப்பு. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993இல் வெளிவந்தது. அதே துயரை அ. ரெங்கசாமி ‘நினைவுச்சின்ன’த்தில் எழுதினார். யுத்தகாலத்தில் மேடானில் வாழ்ந்த ப. சிங்காரம், மேடானையும் பினாங்கையும் களமாக்கி எழுதிய ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல்தான் அச்சேறியது. இன்று அதனைத் தமிழின் தலையாய யுத்த நாவலென்று ஒப்புக்கொள்கிறார்கள். இத்தகைய நூல்களைத்தான் நாம் ‘கருப்பொருள்: போரின் கொடுமை’ என்று ஒரே வரியில் புதைக்கப் பார்க்கிறோம்.

‘போரின் கொடுமை’ என்பது விடையன்று; தப்பித்துக்கொள்ளும் வழி. தோட்டத்திலிருந்து இத்தனை பேர் வேண்டுமென்று ஜப்பானியன் கேட்டான், சரி. இன்னாரை அனுப்பு என்று பெயர் எழுதிக் கொடுத்த கை யாருடையது? துரை ஓடிப்போனபின் தோட்டத்தில் எழுத்தறிவும் அதிகாரமும் யாரிடம் இருந்தன? கிராணியிடமும் கங்காணியிடமும் இருந்தன. கிராணி மேசையில் அமர்ந்திருக்கும் நாமே இதனைச் சொல்லுகிறோம். யாருடைய பெயர் முதலில் எழுதப்பட்டது, யாருடைய பெயர் விடப்பட்டது, சாதியும் சொந்தமும் கைக்கூலியும் அதில் எவ்வளவு வேலை செய்தன என்று ஒரு மாணவன் கேட்கவேண்டும். குறிப்புநூல் அதைக் கேட்காது. கேட்டால் மார்க்கு கிடைக்காது.

பின் என்னதான் செய்வது? மாணவரை எழுதவிடுங்கள் என்கிறோம். எட்டுப் பத்து மாணவர் சேர்ந்து ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். வாரம் ஓர் அத்தியாயம். முறைவந்தவர் கதைச்சுருக்கம் எழுதக் கூடாது. தமக்கு விளங்காத ஒன்றை, தம்மை உறுத்திய ஒன்றை எழுதவேண்டும். அடுத்தவர் அதன்கீழே தம் பெயரிட்டு மறுக்கவோ வளர்க்கவோ வேண்டும். ஒருவர் தேசப்படத்தில் பாதையைக் கோடிட்டு ஒட்டட்டும். ஒருவர் கதையில் இரண்டே வரி பேசிப்போகும் பெண்ணின் குரலில் ஒரு கடிதம் எழுதட்டும். ஒருவர் ‘பெரட்டு’ என்றால் என்ன, ‘ஆயாக்கொட்டகை’ என்றால் என்ன என்று பாட்டியைக் கேட்டு, அவர் சொன்னபடியே எழுதிவரட்டும். உபாத்தியாயர் வாசிக்கட்டும், வினா எழுப்பட்டும். சிவப்பு மையை மட்டும் பையிலேயே வைத்திருக்கட்டும்.

இஃது எங்கிருந்தோ வந்த புதுமையன்று. தமிழ் மாணவர் கையெழுத்துப் பத்திரிகை நடத்திய மரபு நமக்குண்டு. திருவாரூரில் பள்ளி மாணவராயிருந்த மு. கருணாநிதி ‘மாணவ நேசன்’ என்னும் கையெழுத்து ஏட்டை நடத்தினார். 1942இல் ‘முரசொலி’யைத் தொடங்கினார். அந்த ஏட்டை எழுதுவதற்கு மாதிரி விடை எதுவும் அவர் கையில் இருந்ததில்லை.

இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபங்களை நாம் அறிவோம். பிள்ளைகள் பிழையோடு எழுதுவார்கள் என்பர் பண்டிதர். எழுதட்டுமே! பிறர் எழுதியதைப் பிழையின்றி ஒப்பிப்பவனைக் காட்டிலும், தான் நினைத்ததைப் பிழையோடு எழுதுபவன் தமிழுக்கு வேண்டியவன். பிழை திருத்தக்கூடியது, சிந்தனையில்லாமை அப்படியன்று. நேரமில்லை, மார்க்குக் குறையும் என்பர் பெற்றோர். ஒரு நூலைப் பற்றி இருபது வாரம் வாதாடிய மாணவன் அந்நூலைப் பற்றிய எந்த வினாவுக்கு அஞ்சுவான்? உருப்போட்டவனல்லவா வினாவைச் சற்று மாற்றிக் கேட்டால் விழிக்கிறான்! பழைய துக்கத்தைக் கிளறுவானேன் என்பர் வேறு சிலர். துக்கத்தைக் கிளறாமல் வைத்திருந்ததால்தான், பாதை முடிந்து எண்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் செத்தவர் தொகையைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1943இல் பத்து வயதுப் பிள்ளையாயிருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியவர். அவரிடம் கேட்கவேண்டியதைக் கேட்பதற்கு நமக்கு எஞ்சியிருப்பது மிகச் சில ஆண்டுகளே. குறிப்புநூல் அடுத்த வருஷமும் கடையில் கிடைக்கும். அந்தப் பாட்டி கிடைக்கமாட்டார்.

பூச்சோங்கைப் பாருங்கள். தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. காசல்பீல்டு தோட்டத்தின் பெயர் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் நிற்கிறது. கின்ராராவின் பெயரோ பள்ளியோடு ரயில் நிலையத்துக்கும் போயிருக்கிறது. 2016 முதல் பூச்சோங்கில் ரயில் தலைக்கு மேலே ஓடுகிறது. அதில் ஏறிச்செல்லும் தமிழ் மாணவனுக்கு, தன் கொள்ளுப்பாட்டன் வேறொரு ரயில் பாதைக்குக் கட்டை சுமந்தானா என்பது தெரியாது. தெரியாதது அவன் குற்றமன்று. கேட்கக் கற்றுக்கொடாதது நம் குற்றம்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, வாசகசாலை நடத்தும் தோழர்களே! பரிசளிப்பு விழாவுக்கு மாலையும் பொன்னாடையும் வாங்கும் பணத்தில் பத்து நோட்டுப் புத்தகமும் பத்து நாவலும் வாங்குங்கள். பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள். எழுதாததால் ஒருமுறை மறக்கப்பட்டார்கள் நம் முன்னோர். எழுதத் தெரிந்த பேரப்பிள்ளைகள் இருந்தும் இரண்டாம் முறை அவர்கள் மறக்கப்பட்டால், அந்தப் பழியை எந்த ஜப்பானியன்மீதும் நாம் போடமுடியாது.