கிரிப்டோ வாங்கினால் அரசின் கண்ணில் படாமல் இருக்கலாமா?

அரூர் பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்திலேயே போனில் பிட்காயின் வாங்கிவிடலாம். ‘பேங்க் இல்ல, கவர்மென்ட் இல்ல, இது உன் சுதந்திரப் பணம்’ என்று ரீல்ஸ் வேறு ஆசை காட்டுகிறது. ஆனால், இந்திய எக்ஸ்சேஞ்ச் ஆப்பைத் திறந்ததும் அது கேட்பது பான் கார்டும் அடையாளச் சான்றும்தான். அப்புறம் எங்கே மறைவது?

மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28-ல் ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க் ஆகியவை இந்தியாவில் இருந்த சர்வர்களையே எடுத்துவிட்டன. பலர் கவனிக்காத விஷயம், அதே உத்தரவு கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகளுக்கும் பொருந்தும். கேஒய்சி, பரிவர்த்தனைப் பதிவுகள் எல்லாம் 5 ஆண்டுகள் இருக்க வேண்டும். லாபத்துக்கு 30% வரி. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. (இது மட்டும் ரீல்ஸில் வராது.)

எக்ஸ்சேஞ்சே வேண்டாம், சொந்த வாலட்டில் வைத்துக்கொள்ளலாமே? வைக்கலாம். ஆனால், பிட்காயினின் பிளாக்செயின் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய கணக்குப் புத்தகம். அதில் பெயர் இருக்காது, எண்ணும் எழுத்தும் கலந்த முகவரிதான். ரூபாயாக மாற்ற எக்ஸ்சேஞ்சுக்கு வரும்போது அந்த முகவரி யாருடையது என்று தெரிந்துவிட்டால், அதன் பழைய கணக்கு மொத்தமும் வெளிச்சத்துக்கு வந்துவிடும். பேங்க் பாஸ்புக்கையாவது பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க முடியாது!

சரி, பணமாவது பத்திரமா? 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்ச் ஹேக் ஆகி சுமார் 23 கோடி டாலர் போனது. திருடுபோகாத காயின்களை வைத்திருந்தவர்களின் கணக்குகளும் முடங்கின. அப்படி எக்ஸ்ஆர்பி காயின் மாட்டிக்கொண்ட ஒரு முதலீட்டாளர் போய் நின்றது சென்னை உயர் நீதிமன்றத்தில். 2025 அக்டோபரில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோவும் சொத்துதான் என்று கூறி அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தார். அரசே தேவையில்லை என்று பிறந்த காயினுக்குக் கடைசியில் கோர்ட்தான் துணை.

தனியுரிமையும் கோர்ட் வழியாகத்தான் உறுதியானது. அது அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அதன் பிறகு 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களுக்குக் கடிவாளம் போடுகிறது. ஆனால் 17-வது பிரிவின்படி நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காகத் தன் அமைப்புகளுக்கு மத்திய அரசே விலக்கு அளித்துக்கொள்ளலாம். எந்த காயின் ஏறும் என்று தேடுகிற நேரத்தில் பாதியையாவது இந்தப் பிரிவுக்குக் கொடுக்கலாம். விலக்கு பெறும் அமைப்பு யாருடைய தகவலை, எதற்காக, எத்தனை நாள் வைத்திருக்கிறது என்று அரசுக்கு வெளியே உள்ள ஒருவர் கேட்கவும் சரிபார்க்கவும் சட்டத்திலேயே வழி இருக்க வேண்டும்.