பரீட்சைக் கணக்கும் அணுவின் கணக்கும்

இரசாயன வகுப்பில் ஆவர்த்தன அட்டவணையைக் கற்பிக்குங்கால், உள்ளடுக்குகளின் எலெக்ட்ரான்கள் அணுக்கருவின் கவர்ச்சியை வெளியெலெக்ட்ரானுக்கு முழுதும் எட்டவொட்டாமல் மறைக்கின்றன என்பதும், மறைப்புப் போக எஞ்சியதே பயனுறு மின்னேற்றம் என்பதும் சொல்லப்படுகின்றன. பின்னர், ஸ்லேட்டர் என்னும் அமெரிக்க அறிஞர் 1930-இல் வகுத்த விதிகள் கரும்பலகையில் எழுதப்படும். மாணாக்கர் அவற்றை மனனஞ்செய்து, பரீட்சையிற் கூட்டிக் கழித்து விடையிறுத்து, மதிப்பெண்ணும் பெறுவர். இவ்வளவோடு நின்றுவிடுதல் தகாது என்பதே யாம் ஈண்டுச் சொல்லப் புகுந்தது.

விதிகளைப் பழிப்பது எமது நோக்கமன்று. சோடியத்தின் கருவில் 11 அலகு மின்னேற்றம் இருந்தும், அதன் கடைசி எலெக்ட்ரான் உணர்வது 2.2 மாத்திரமே. அதே வரிசையிலுள்ள குளோரினின் வெளியெலெக்ட்ரான் உணர்வதோ 6.1. ஒன்று எளிதில் இழப்பதும் மற்றொன்று விடாது பற்றுவதும் ஏன் என்பது இவ்விரண்டு எண்களாலேயே பெரிதும் விளங்கும். சிறுவரும் செய்யத்தக்க கணக்கிலிருந்து இத்துணை வெளிச்சம் கிடைப்பது அற்பமன்று.

ஆயினும், ஸிர்க்கோனியத்தையும் அதன் கீழுள்ள ஹாப்னியத்தையும் எடுத்துக்கொள்க. அணுவெண்கள் முறையே 40, 72. விதிப்படி இரண்டிற்கும் 3.15 என ஒரே விடை வரும். ஹாப்னியத்திற்கு ஓரடுக்கு மிகுதியாகலின் அதன் அணு பருத்திருத்தல் வேண்டும். அளந்து பார்த்தாலோ, ஸிர்க்கோனியத்தின் ஆரம் ஏறக்குறைய 160 பிக்கோமீட்டர், ஹாப்னியத்தினது 159! பிழை எங்கே? இடைப்பட்ட அருமண் மூலகங்களில் வந்து சேர்ந்த 14 'எப்' எலெக்ட்ரான்கள் ஒவ்வொன்றும் கருவின் ஓரலகை முழுதும் மறைப்பதாக விதி கொள்கின்றது. அவையோ கருவை அண்டாது பரந்து கிடப்பன. கிழிந்த கீற்று வெயிலை மறைப்பதுபோலவே மறைப்பன. ஆதலின் கருவின் ஏற்றம் மிகுந்தோறும் வெளியடுக்கு சிறிது சிறிதாக உள்ளிழுக்கப்படுகின்றது. (ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கை கூறும் விளைவுக்கும் இதிற் சிறு பங்குண்டு, அதனை ஈண்டு விரித்திலம்.)

இவ்வொப்புமையால் இரசாயன வல்லுநரே ஏமாந்தனர். கிளாப்ராத் 1789-இல் ஸிர்க்கோனியத்தைக் கண்டார். அதனோடு கலந்து கிடந்த ஹாப்னியத்தை 134 ஆண்டுகள் எவரும் கண்டிலர். 1923-இல் கோபன்ஹேகனில் காஸ்டரும் ஹெவெஸியும் எக்ஸ்கதிர் நிறமாலையால் அதனைப் பிடித்தனர். எக்ஸ்கதிரைத் தருவன மறைப்புக் குறைந்த உள்ளெலெக்ட்ரான்கள். 72 அங்கே 40-இன் பின் ஒளிந்துகொள்ள இயலாது.

இது ஏட்டுச் செய்தி மாத்திரமன்று. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலுள்ள ஸிர்க்கான் தாதுவிலும் இவ்விரண்டும் இணைந்தே உள்ளன. அணு உலையின் எரிபொருட் குழாய்க்கு, நியூட்ரானை அரிதாகவே விழுங்கும் ஸிர்க்கோனியம் வேண்டும். ஹாப்னியமோ ஏறக்குறைய 600 மடங்கு விழுங்கும். தூத்துக்குடி மாவட்டத்துப் பழையகாயல் ஆலையில் இவற்றைப் பிரிக்கும் உழைப்பெல்லாம், அப்பதினான்கு எலெக்ட்ரான்களின் அரைகுறை மறைப்பால் வந்ததே.

பாடம் நீளும் என்பாருளர். ஒரு மணிநேரம் போதும் என்பேம். வினாத்தாள் அமைப்போரை யாம் வேண்டுவது ஒன்றே: ஸ்லேட்டர் கணக்கின் கீழ், 'நீ பெற்ற விடை அளந்த ஆரத்தோடு பொருந்துகின்றதா? இன்றேல் ஏன்?' என்று ஒரு வரி சேர்த்து, அதற்குப் பாதி மதிப்பெண்ணேனும் ஒதுக்குக.